இன்சுலின் கலத்துக்கு வெளியே நின்றபடி உள்ளே எப்படி வேலை வாங்குகிறது?

கல்முனையில் உயர்தர உயிரியல் படிக்கும் தங்கச்சி ஒருவர் கேட்டிருப்பது இது: "ஓமோன் வாங்கியில் பிணையும், கலம் தூண்டப்படும் என்று குறிப்பில் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. சாவி பூட்டுக்குள் போகிறது, சரி. கதவைத் திறப்பது யார்? உம்மம்மா மூன்று வருடமாக இன்சுலின் போடுகிறா, இன்னும் சீனி இறங்கவில்லை. அவவுடைய வாங்கிகள் பழுதாகிவிட்டனவா?"

இரண்டாவது கேள்விக்கு நேரான பதில்: பெரும்பாலும் இல்லை. ஏன் இல்லை என்பது முதல் கேள்விக்குள்தான் இருக்கிறது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சாவி, பூட்டு என்ற உவமையைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். அது எந்த ஓமோன் எந்த வாங்கியில் பொருந்தும் என்பதை மட்டுமே சொல்கிறது. பொருந்திய பிறகு நடப்பதை அது சொல்வதே இல்லை. அங்கே கதவு ஒன்றும் திறப்பதில்லை. வாங்கி என்பது கலமென்சவ்வைக் குறுக்கே ஊடுருவி நிற்கும் ஒரு புரதம். அதன் ஒரு முனை வெளியே, மறுமுனை குழியவுருவுக்குள். வெளிமுனையில் ஓமோன் ஒட்டினால் புரதம் முழுவதும் வளைந்து நெளிந்து வேறு வடிவத்துக்கு மாறும், உள்முனையும் அதோடு சேர்ந்து மாறும். உள்ளே இருக்கும் மற்றப் புரதங்களுக்கு ஓமோன் வந்தது தெரியாது. உள்முனையின் வடிவம் மாறியது மட்டுமே அவற்றுக்குத் தெரியும். கலத்துக்குள் போகும் செய்தி அந்த வடிவ மாற்றம்தான்.

ஓமோன் நேரே உள்ளே போக ஏன் முடியாது? மென்சவ்வின் தடிப்பு ஏறக்குறைய 5 நனோமீற்றர். அதன் நடுப்பகுதி முழுக்கக் கொழுப்பமில வால்கள். இன்சுலினில் 51 அமினோவமிலங்கள் உண்டு, ஏ சங்கிலியில் 21, பி சங்கிலியில் 30. அவற்றில் பல ஏற்றமுடையவை. அவ்வளவு பெரிய, ஏற்றமுள்ள மூலக்கூறு அந்தக் கொழுப்பைக் கடக்காது. அதிரினலின் மிகச் சிறியது, ஆனாலும் குருதியின் பிஎச் நிலையில் அதன் அமீன் கூட்டம் நேரேற்றத்தோடு நிற்பதால் அதற்கும் வழி இல்லை. கோட்டிசோல், ஈஸ்திரசன் போன்ற தெரொயிட்டு (ஸ்டீரொயிட்) ஓமோன்கள் கொழுப்பில் கரைபவை. அவை உள்ளே போய் உள்ளிருக்கும் வாங்கியில் பிணைந்து மரபணுக்களைத் தூண்டும். அது வேறு கதை.

இனி பிணைப்பு. வலுவான பங்கீட்டுப் பிணைப்பு எதுவும் இங்கே உண்டாவதில்லை. ஐதரசன் பிணைப்பு, எதிரெதிர் ஏற்றங்களின் ஈர்ப்பு, நீர்வெறுப்புப் பகுதிகளின் நெருக்கம் எல்லாம் தனித்தனியே வலுவற்றவை. பல ஒன்றுசேர்ந்தால் பிடி இறுகும், ஆனாலும் கழன்று போக இடமிருக்கும். கழல முடியாத ஓமோன் உடலுக்கு ஆபத்து.

அதிரினலின் பிணையும் பீற்றா-2 வாங்கியை எடுத்துக்கொள்வோம். 413 அமினோவமிலங்கள் கொண்ட ஒரே சங்கிலி அது, மென்சவ்வை 7 தடவை குறுக்கே தைத்துச் செல்கிறது. அந்த 7 சுருளிகளுக்கும் நடுவில் வெளிப்பக்கமாக ஒரு குழி. அதிரினலினின் நேரேற்ற அமீன், 3ஆம் சுருளியில் 113ஆம் இடத்திலுள்ள அசுபாட்டிக்கமிலத்தைப் பற்றும். வளையத்தின் ஐதரொட்சில் கூட்டங்கள் 5ஆம் சுருளியிலுள்ள செரின்களைப் பற்றும். இரண்டு பக்கமும் பிடித்து உள்நோக்கி இழுப்பதால் 5ஆம் சுருளி சிறிது நகர்கிறது. குழியில் அந்த அசைவு மிகச் சிறியதுதான். ஆனால் 6ஆம் சுருளி வளைந்து, அதன் உள்முனை ஏறக்குறைய 1.4 நனோமீற்றர் வெளிப்பக்கமாக விலகுகிறது. அப்படி விலகும்போது அடியில் ஒரு பள்ளம் திறக்கிறது, அதற்குள்தான் ஜி-புரதத்தின், அதாவது வாங்கியின் செய்தியை உள்ளே கடத்தும் இடைப்புரதத்தின், வால் நுழைகிறது. வாங்கியும் ஜி-புரதமும் பிணைந்த நிலையின் முப்பரிமாண அமைப்பு 2011இல் வெளிவந்தபோது இது கண்கூடாகத் தெரிந்தது. அதில் உழைத்த பிறயன் கொபில்கா, வாங்கிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த றொபேட் லெஃப்கோவிட்ஸோடு 2012இல் இரசாயனவியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஒரு நுட்பத்தைப் பாடக்குறிப்புகள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. ஓமோன் இல்லாதபோதும் வாங்கி சும்மா நிற்பதில்லை. ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கும், இடைக்கிடை தானாகவே தூண்டிய வடிவத்துக்குப் போய் மீளும். ஓமோன் செய்வது அந்த வடிவத்தை நிலைநிறுத்துவது மட்டுமே. இதை விளங்கிக்கொண்டால் மருந்துகளும் விளங்கும். அதிரினலினைத் தடுக்கும் மருந்தான புறோபிறனலோல் அதே குழிக்குள், அதே 113ஆம் இடத்தைப் பற்றிக்கொண்டு அமரும். பிடி அதிரினலினுடையதைவிட இறுக்கமானது. ஆனால் 6ஆம் சுருளியை அது விலக்காது. குழியை அடைத்துக்கொண்டு இருப்பதோடு சரி. ஆகவே பிணைதல் ஒன்று, தூண்டுதல் இன்னொன்று. விடைத்தாளில் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்து எழுதாதீர்கள்.

எவ்வளவு ஓமோன் இருந்தால் எத்தனை வாங்கி நிரம்பும் என்பதற்குச் சின்னக் கணக்கு உண்டு. வாங்கிகளில் பாதி நிரம்பத் தேவையான செறிவைப் பிரிகை மாறிலி என்பார்கள். நிரம்பிய பங்கு = ஓமோன் செறிவு ÷ (ஓமோன் செறிவு + பிரிகை மாறிலி). இன்சுலினுக்கு அந்த மாறிலியை லீற்றருக்கு 1 நனோமூல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறுவயிற்றில் குருதியில் இன்சுலின் சுமார் 0.05 நனோமூல். 0.05 ÷ 1.05, அதாவது நூற்றுக்கு 5 வாங்கிகள்கூட நிரம்பவில்லை. சோறு சாப்பிட்ட பிறகு 0.4 நனோமூலுக்கு ஏறினால் 0.4 ÷ 1.4, ஏறக்குறைய 29 வீதம். 10 வீதத்திலிருந்து 90 வீதத்துக்குப் போக வேண்டுமென்றால் செறிவு 81 மடங்கு கூடவேண்டும். உடல் அவ்வளவு தூரம் போவதில்லை, போகத் தேவையும் இல்லை. கொழுப்புக் கலத்தில் வாங்கிகளில் ஒரு சிறு பங்கு நிரம்பினாலே குளுக்கோசு உள்ளெடுப்பு உச்சத்தைத் தொட்டுவிடும். மிச்சமிருப்பவை உபரி வாங்கிகள். உபரி என்றாலும் வீண் இல்லை. வாங்கிகள் அதிகமாக இருப்பதால்தான் குறைந்த ஓமோனும் ஏதாவது ஒன்றில் முட்டிக்கொள்கிறது. உம்மம்மாவின் விடயத்துக்கு இந்த உபரிக் கணக்கு தேவைப்படும், நினைவில் வைத்திருங்கள்.

வடிவம் மாறிய பின் உள்ளே நடப்பதில் இரண்டு பாதைகளை மட்டும் பார்ப்போம்.

முதலாவது அதிரினலின் பாதை. ஜி-புரதம் ஓய்வில் ஜிடிபி என்ற சிறு மூலக்கூறைப் பிடித்துக்கொண்டு இருக்கும். தூண்டப்பட்ட வாங்கி அதன் பிடியைத் தளர்த்துகிறது. ஜிடிபி விழுகிறது, கலத்துக்குள் தாராளமாக இருக்கும், ஒரு பொசுபேற்று கூடிய ஜிரிபி அந்த இடத்தில் ஏறுகிறது. உடனே அல்பா துணையலகு பிரிந்து போய் அடினைலைல் சைக்கிளேசு நொதியத்தைத் தொட, அது கலத்தின் சக்தி மூலக்கூறான ஏரிபியிலிருந்து சைக்கிளிக் ஏஎம்பியை உற்பத்தி செய்கிறது. ஓமோனின் செய்தியை உள்ளே பரப்பும் இந்த "இரண்டாம் தூதரை"க் கண்டுபிடித்த ஏர்ல் சதலண்டுக்கு 1971இல் நோபல் கிடைத்தது. 4 சைக்கிளிக் ஏஎம்பி மூலக்கூறுகள் புரதக் கைனேசு-ஏயின் (கைனேசு என்றால் பொசுபேற்று ஏற்றும் நொதியம்) ஒழுங்காக்கும் பகுதிகளில் பிணைய, ஊக்கமுள்ள 2 பகுதிகள் விடுபடும். அவை பொசுபோரைலேசு கைனேசைத் தூண்டும். அது கிளைக்கோசன் பொசுபோரைலேசைத் தூண்டும். கிளைக்கோசன் உடைந்து குளுக்கோசு-1-பொசுபேற்று வரும். அதே நேரத்தில் கிளைக்கோசனைக் கட்டும் நொதியம் நிறுத்தப்படும். ஒரு பக்கம் கட்டிக்கொண்டே மறுபக்கம் உடைப்பதால் பயனில்லை அல்லவா.

படி ஒவ்வொன்றிலும் எண்ணிக்கை பெருகுகிறது. மட்டக்களப்பின் உன்னிச்சைக் குளத்தில் தண்ணீர் திறக்கும் முடிவு ஒரே ஒரு சொல்தான். அது வயல்களுக்கு நீர் பங்கிடும் வட்டை விதானைமாரிடம் போய், வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து, கடைசியில் எத்தனையோ வயல்களில் தண்ணீர் ஏறுகிறது. சொல்லே தண்ணீராக மாறவில்லை, தண்ணீர் ஏற்கெனவே குளத்தில் இருந்தது. ஓமோனும் அப்படித்தான்: சக்தியைக் கொடுப்பது ஏரிபியும் ஜிரிபியும், சொல் மட்டுமே ஓமோனுடையது. ஓர் அதிரினலின் மூலக்கூறுக்குக் கடைசியில் 10 கோடி குளுக்கோசு-1-பொசுபேற்று என்று பாடநூல்கள் காட்டும் கணக்கைப் பருமட்டாகவே எடுத்துக்கொள்ளுங்கள். படிக்குப் படி பெருகுகிறது என்பதைக் காட்டுவதற்கான எண் அது, கலத்துக்குக் கலம் வேறுபடும்.

இரண்டாவது இன்சுலின் பாதை. இங்கே ஜி-புரதம் நடுவில் நிற்பதில்லை, வாங்கியே ஒரு நொதியம். வெளியே இரண்டு அல்பா துணையலகுகள், மென்சவ்வைக் கடக்கும் இரண்டு பீற்றா துணையலகுகள், எல்லாவற்றையும் கட்டி வைக்கும் இருசல்பைட்டுப் பாலங்கள். வெறும் வாங்கி தலைகீழாகக் கவிழ்த்த ஆங்கில "V" வடிவில், கால்களை அகல விரித்து நிற்கும். இன்சுலின் ஒட்டியதும் கால்கள் நெருங்கும், மொத்த வடிவமும் ஆங்கில "T" எழுத்தைப்போல் நிமிரும். உள்ளேயிருக்கும் இரண்டு கைனேசுப் பகுதிகளும் ஒன்றையொன்று எட்டும் தூரத்துக்கு வந்து, ஒன்றின் தைரோசின்களில் மற்றது பொசுபேற்று ஏற்றும். இதற்குப் பெயர் தன்பொசுபோரிலேற்றம். பொசுபேற்று ஏறிய இடங்களில் ஐஆர்எஸ் என்ற இணைப்புப் புரதம் வந்து ஒட்டும், அதிலும் பொசுபேற்று ஏறும். அதைத் தொட்டு பிஐ-3 கைனேசு வேலை தொடங்கும். அது மென்சவ்வின் உட்பக்க இலிப்பிட்டில் ஒரு பொசுபேற்றைக் கூட்டும். அந்த இலிப்பிட்டை அடையாளமாகக் கொண்டு ஏகேடி என்ற கைனேசு அங்கே வந்து தூண்டப்படும். ஏகேடியின் கட்டளைப்படி, குளூட்-4 கடத்திகளைச் சுமந்து குழியவுருவில் காத்திருக்கும் புடகங்கள் (மென்சவ்வாலான சிறு பைகள்) மேலேறி மென்சவ்வோடு கலக்கும். சில நிமிடங்களில் தசைக்கும் கொழுப்புக் கலத்துக்கும் குளுக்கோசு நுழையும் வாசல்கள் பல மடங்காகிவிடும்.

பரீட்சையில் புள்ளி போகும் இடம் ஒன்று உண்டு. குளூட்-4 தசையிலும் கொழுப்பிழையத்திலும்தான். ஈரல் கலத்தில் இருப்பது குளூட்-2, அது இன்சுலினுக்குக் காத்திருப்பதில்லை. ஈரலில் இன்சுலின் செய்வது குளுக்கோசைக் கிளைக்கோசனாகச் சேமிக்கத் தூண்டுவதும், புதிதாகக் குளுக்கோசு உற்பத்தியாவதை அடக்குவதும்.

ஒரே ஓமோன் ஓரிடத்தில் சுருக்குவதும் இன்னோரிடத்தில் தளர்த்துவதும் எப்படி என்று சிலர் குழம்புவார்கள். பயந்தால் தோல் வெளிறுகிறது, அதே அதிரினலின் சுவாசக் குழாயை விரிக்கிறது. ஓமோன் ஒன்றுதான், வாங்கிதான் வேறு. தோலின் குருதிக் குழாய்களில் அல்பா-1 வாங்கி. அது வேறொரு ஜி-புரதத்தின் வழியாகக் கல்சியம் அயன்களை விடுவித்து மழமழப்பான தசையைச் சுருக்கும். சுவாசக் குழாயில் பீற்றா-2. சைக்கிளிக் ஏஎம்பி கூடி அதே வகைத் தசை தளரும். செய்தியின் பொருளைத் தீர்மானிப்பது கேட்கும் கலம்.

தூண்டுவதைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், அணைப்பதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. சில வருத்தங்கள் அணைப்பு கெடுவதால்தான் வருகின்றன என்பதால் இதில் கொஞ்சம் நிற்கிறேன். குருதியில் அதிரினலினின் அரைவாழ்வு 2, 3 நிமிடம், இன்சுலினினது சுமார் 5 நிமிடம். ஜி-புரதம் தன் கையிலுள்ள ஜிரிபியைத் தானே வெட்டி ஜிடிபி ஆக்கி ஓய்வுக்குத் திரும்பும். சைக்கிளிக் ஏஎம்பியைப் பொசுபோடையெசுத்தரேசு என்ற நொதியம் உடைக்கும். ஏற்றிய பொசுபேற்றுகளைப் பொசுபற்றேசுகள் கழற்றும். இதற்கும் மேலாக, நீண்டநேரம் தூண்டப்பட்ட வாங்கியின் வாலில் வேறொரு கைனேசு பொசுபேற்றை ஏற்ற, அதில் அரெஸ்டின் என்ற புரதம் வந்து ஒட்டி ஜி-புரதத்துக்கு இடமில்லாமல் செய்துவிடும். பிறகு வாங்கி மென்சவ்வோடு சேர்ந்து உள்ளே இழுக்கப்படும். சிலது கழுவப்பட்டதுபோல் திரும்பி மேலே வரும், சிலது கலத்தின் சிதைக்கும் பையான இலைசோசோமில் அழியும்.

ஆகவே "இன்சுலின் கலத்துக்குள் போவதே இல்லை" என்று எழுதுவதும் முழுச் சரியில்லை. வாங்கியோடு சேர்ந்து அது உள்ளே போகிறது. புடகத்துக்குள் அமிலத்தன்மை கூட, பிடி கழன்று சிதைக்கப்படுகிறது. வெளியில் நிற்கும்போதே தூண்டல் தொடங்கிவிட்டது. உள்ளே போவது பெரிதும் முடித்துவைப்பதற்கு.

அணைப்பு கெட்டால் என்ன ஆகும் என்பதற்கு வாந்திபேதி கண்முன்னாலுள்ள எடுத்துக்காட்டு. கொலரா நச்சு குடற்கலத்துக்குள் புகுந்து ஜி-புரதத்தின் அல்பா துணையலகை மாற்றிவிடும். அதன் பிறகு அதனால் ஜிரிபியை வெட்ட முடியாது. வான்கதவைத் திறந்தபின் இறக்கும் கம்பி முறிந்ததுபோல. சைக்கிளிக் ஏஎம்பி ஏறிக்கொண்டே போகும், குளோரைட்டுக் கால்வாய்கள் திறந்தே கிடக்கும், பின்னால் சோடியமும் நீரும் குடலுக்குள் கொட்டும். ஈகோலை கிருமியின் ஒரு வகை நச்சும் இதே வேலையைச் செய்யும். வெள்ளம் வடிந்த பிறகு கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்வதற்கான காரணங்களில் இதுவும் ஒன்று. நல்லவேளையாக, குளுக்கோசும் சோடியமும் கைகோத்து உள்ளே வரும் கடத்தியை இந்த நச்சு தொடுவதில்லை. வாய்வழி நீரேற்றுக் கரைசலில் உப்போடு குளுக்கோசும் இருப்பது அதற்காகவே: 1 லீற்றர் நீருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோசு, 1.5 கிராம் பொற்றாசியம் குளோரைட்டு, 2.9 கிராம் சோடியம் சித்திரேற்று. பக்கற்றைப் பாதி பாதியாகக் கண்ணளவில் கலக்காதீர்கள். செறிவு கூடினால் குடல் இன்னும் நீரை இழக்கும்.

முட்டு வருத்தக்காரரின் (ஆஸ்துமா) சல்பியூற்றமோல் பம்ப் பீற்றா-2 வாங்கியைத் தூண்டும் மருந்து, சில நிமிடங்களில் மூச்சு இலகுவாகும். நாள் முழுக்க அதையே இழுத்தால் மேலே சொன்ன அரெஸ்டின் வேலை நடந்து வாங்கிகள் மந்தமாகும். தடுப்பு பம்பிலுள்ள தெரொயிட்டு கலத்துக்குள் நேரே போய் அழற்சியைத் தணிக்கும், பீற்றா-2 வாங்கிகளை உற்பத்தி செய்யும் மரபணுவையும் தூண்டும். அதற்குப் பல மணித்தியாலங்களோ நாட்களோ எடுக்கும் என்பதால்தான் உடனே சுகம் தெரியாது, "அது வேலை செய்யாது" என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். முட்டு இருப்பவர் பிரஷருக்கோ நடுக்கத்துக்கோ மருந்து எடுக்கும்போது அதை வைத்தியரிடம் சொல்லவேண்டியதும் இதனால்தான். புறோபிறனலோல் அதே பீற்றா-2 குழியை அடைத்துவிடும்.

இப்போது உம்மம்மா. உபரி வாங்கிக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். வாங்கிகள் பாதியாகக் குறைந்தாலும் உச்ச விளைவு அப்படியே கிடைக்கும், அதற்கு அதிக இன்சுலின் வேண்டும், அவ்வளவுதான். வாங்கிக்குப் பின்னாலுள்ள பாதை தேய்ந்தால் எவ்வளவு ஏற்றினாலும் உச்சமே தாழ்ந்துவிடும். இரண்டாம் வகை நீரிழிவில் இரண்டும் கலந்திருக்கும், ஆனால் பின்னதற்கே பங்கு பெரிது. தசையிலும் ஈரலிலும் கொழுப்புத் தேங்கும்போது, ஐஆர்எஸ் புரதத்தின் தைரோசினுக்குப் பதிலாகச் செரினில் பொசுபேற்று ஏறிச் செய்தி அங்கேயே மங்கிவிடும் என்பது நன்கு ஆராயப்பட்ட காரணங்களில் ஒன்று. வாங்கியின் மரபணுவே பழுதான நோய்கள் உண்டு. ஆனால் அவை மிகமிக அரிது, கடுமையானவை குழந்தைப் பருவத்திலேயே தெரிந்துவிடும். தசை சுருங்கும்போது இன்சுலின் இல்லாமலே குளூட்-4 மேலேறும். சாப்பிட்ட பின் நடக்கச் சொல்வது அந்த மாற்று வழியைப் பயன்படுத்தத்தான்.

இதற்கெல்லாம் முன்னர் பார்க்கவேண்டியது இன்சுலின் வாங்கிவரை போய்ச் சேருகிறதா என்பது. போத்தலுக்குள் சாதாரண இன்சுலின் ஆறு ஆறாகச் சேர்ந்து நாகம் (zinc) என்ற உலோகத்தின் அயன்களோடு கட்டுண்டு இருக்கும். வாங்கியில் பொருந்துவது தனி மூலக்கூறு மட்டுமே. தோலுக்கடியில் ஆறும் பிரிய நேரம் வேண்டும் என்பதால் அதைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்பு போடச் சொல்கிறார்கள். போட்ட கையோடு சாப்பிட்டால் சீனி முந்திக்கொள்ளும். விரைவாகப் பிரியும்படி மாற்றியமைத்த வகைகளுக்கு இந்த இடைவெளி தேவையில்லை. எந்த வகை என்று போத்தலைப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

வெயிலில் வைத்த இன்சுலின் இழைகளாகத் திரண்டுவிடும், அந்த வடிவம் எந்த வாங்கியிலும் பொருந்தாது. திறக்காததை 2 முதல் 8 பாகை செல்சியசில் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், உறைய விடக்கூடாது. உறைந்து உருகியதை எறிந்துவிடுங்கள். பாவிப்பதை வெயில் படாத குளிர்ந்த இடத்தில் ஏறக்குறைய 4 வாரம் வைக்கலாம். நம் பக்கத்துச் சித்திரை வைகாசி வெக்கைக்கு, வீட்டில் பெட்டி இல்லாவிட்டால், ஈரமணலில் வைத்த மண்பானை நன்றாக உதவும், ஆனால் போத்தலில் நீர் படக்கூடாது. மோட்டார் சைக்கிள் சீற்றுக்கு அடியில் வைத்துக் கொண்டுபோவது மிகப் பிழை. பால்போல் கலங்கலான கலவை வகையென்றால் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே பத்துத் தரம் மெதுவாக உருட்டவேண்டும். குலுக்கினால் நுரை வந்து அளவு பிசகும், உருட்டாவிட்டால் ஒருநாள் கூடவும் ஒருநாள் குறையவும் ஏறும்.

உம்மம்மாவின் வயிற்றையும் தொடையையும் விரலால் தடவிப் பாருங்கள். மூன்று வருடமாக ஒரே இடத்தில் குத்தியிருந்தால் அங்கே ரப்பர்போல் கொழுப்புக் கட்டி இருக்கும், நோவு இருக்காது. நோவில்லாததால்தான் அவ அந்த இடத்தையே தெரிவு செய்கிறா. அங்கிருந்து இன்சுலின் ஒழுங்காக உறிஞ்சப்படாது. அடுத்த ஊசியை விரலகலமாவது தள்ளிப் போட்டு, இடத்தைச் சுழற்றிவாருங்கள். ஒன்று கவனம்: கட்டியிலிருந்து நல்ல இடத்துக்கு மாற்றினாலோ, பழுதான போத்தலுக்குப் பதிலாகப் புதியதைத் தொடங்கினாலோ, அதே அளவு இன்சுலின் இப்போது முழுதாக வேலை செய்து சீனி தடாலென்று இறங்கலாம். மாற்றுவதற்கு முன் கிளினிக்கில் சொல்லி அளவைக் குறைக்கவேண்டுமா என்று கேளுங்கள். முதல் சில நாட்கள் அடிக்கடி சோதியுங்கள். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் வந்தால் உடனே சீனித் தண்ணீர் கொடுங்கள், நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.